முதலில் செவுள், பிறகு தோல்

கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பதில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். மீனின் மேல் ஏதோ தெரிகிறது. வெள்ளைப் புள்ளியோ, சிவந்த தடிப்போ, கிழிந்த துடுப்போ, மங்கிய கண்ணோ இருக்கும். இது அடிபட்டதா, நோயா? “அண்ணா, நம்ம பவுடர் ப்ளூவுக்கு அம்மை போட்டிருக்கு, பாருங்க” என்று வாட்ஸ்அப்பில் படம் வரும். நீல விளக்கில் எடுத்த படமாக இருக்கும். பாதி மீன் பாறைக்குப் பின்னால் மறைந்திருக்கும். அனுப்பியவர் கையில் அதற்குள் காப்பர் மருந்து பாட்டில் வந்திருக்கும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது கொளத்தூரில், வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருக்களில். நன்னீர் மீனில் தொடங்கி, பிறகு கடல்மீனுக்கு மாறினேன். இன்று என் வேலை இரண்டு. வந்திறங்கும் கடல்மீன்களைத் தனியறைத் தொட்டிகளில் வைத்துக் கவனித்து, தேறியவற்றை மட்டும் வெளியே அனுப்புவது ஒன்று. வீடுகளிலும் ஓட்டல்களிலும் இருக்கும் தொட்டிகளைப் பராமரிப்பது இன்னொன்று. இரண்டிலும் தினமும் முடிவெடுக்க வேண்டியது இந்தக் கேள்வியில்தான்.

முடிவு தவறினால் இரு பக்கமும் சாவு இருக்கிறது. காப்பர், நோயைத் தரும் ஒட்டுண்ணிக்கும் விஷம், மீனுக்கும் விஷம். லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் என்ற குறுகலான அளவுக்குள் அயனிக் காப்பரை நிறுத்தினால்தான் ஒட்டுண்ணி சாகும், மீன் தாங்கும். வெறும் கீறல் பட்ட மீனை அதில் விட்டால், காயத்தை ஆற்றச் செலவாக வேண்டிய தெம்பு விஷத்தைத் தாங்குவதில் போய்விடும். பவளமும் இறாலும் உள்ள தொட்டியில் அதை ஊற்றினால் அவை அத்தனையும் போகும். பாறையும் மணலும் காப்பரை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகும் விடும். மறுபக்கம், “லேசான அடிதான், தானா ஆறிடும்” என்று ஒரு வாரம் விட்டால், வெல்வெட் நோய் தொட்டியையே காலி செய்துவிடும். இங்கே நிதானம் காப்பாற்றும், அங்கே அதே நிதானம் கொல்லும். எது எங்கே என்று தெரிந்தால்தான் மருந்தைப் பற்றிய பேச்சே.

அதனால் நான் எடுத்தவுடன் புள்ளியையோ காயத்தையோ பார்ப்பதில்லை. செவுளைப் பார்க்கிறேன்.

தொட்டியிலிருந்து நாலடி தள்ளி, அசையாமல் நிற்க வேண்டும். நம்மைப் பார்த்ததால் மீனுக்கு வந்த பரபரப்பு அடங்கும் வரை பொறுக்க வேண்டும். பிறகு செவுள் மூடி திறந்து மூடுவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். சாதாரணமாக எவ்வளவு என்று ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. மீனுக்கு மீன் மாறும், வெப்பத்துக்கு வெப்பம் மாறும். மீன் நன்றாக இருக்கும் நாளில் எண்ணி ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். அந்த எண் கையில் இருந்தால் சந்தேகம் வரும் நாளில் பாதி வேலை முடிந்தது. எண்ணிக்கையோடு இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். வாய் மூடாமல் திறந்தே இருக்கிறதா? இரண்டு செவுள் மூடிகளும் சமமாக வேலை செய்கின்றனவா, அல்லது ஒன்றை இறுக்கி மூடிக்கொண்டு மற்றொன்றால் மட்டும் மூச்சு விடுகிறதா?

தோலில் எத்தனை பெரிய கீறல் இருந்தாலும், மூச்சு சீராக இருந்து, இரையைக் கண்டதும் முன்னால் வந்தால், எனக்கு ஒரு நாள் அவகாசம் இருக்கிறது என்று பொருள். தோல் பளபளவென்று இருந்து மூச்சு மட்டும் வாங்கினால் அவகாசம் இல்லை. பெரும்பாலோர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் கீறலுக்குப் பதறி, மூச்சிரைப்பைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

மூச்சு வாங்கினாலே ஒட்டுண்ணி என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. தொட்டியில் உள்ள எல்லா மீனும் ஒரே நேரத்தில் இரைக்க ஆரம்பித்தால் அது தண்ணீரின் கோளாறு. சென்னையில் சித்திரை வைகாசியில், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்றால் தண்ணீர் சீக்கிரமே 31 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். சூடான உப்புத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவு. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்து நாள்கணக்கில் மின்சாரம் இல்லாதபோது பம்பு நின்று போன தொட்டிகளில் மீன்கள் எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்தபடி நின்றன. அவற்றுக்கு நோய் இல்லை, காற்றுதான் வேண்டியிருந்தது. அம்மோனியா ஏறினாலும் இதே காட்சிதான். ஒரு மீனில் தொடங்கி, அடுத்த நாள் இன்னொன்று, அதற்கடுத்த நாள் மூன்றாவது என்று இரைப்பு பரவினால்தான் ஒட்டுண்ணியை நினைக்க வேண்டும்.

அப்படி நினைக்கும்போது என் மனதில் முதலில் நிற்பது வெல்வெட். அமைலூடினியம் என்ற ஒரு செல் உயிரி செய்யும் வேலை அது. செவுள் வழியாக நாள் முழுக்கத் தண்ணீர் ஓடுவதால், நீந்தித் திரியும் அதன் குஞ்சுகள் முதலில் போய் ஒட்டுவது அங்கேதான். அங்கே தோல் மெல்லியது, ரத்தம் பக்கத்தில். வேர் போன்ற இழைகளை இறக்கி உறிஞ்சும். வயிறு நிறைந்ததும் உதிர்ந்து, கீழே ஓடு கட்டிக்கொண்டு, உள்ளே பிரிந்து பிரிந்து 256 வரை பெருகி வெளியே வரும். நம்மூர் வெப்பத்தில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். இரண்டாவது சுற்றில் வரும் கூட்டத்தைத் தாங்கும் மீன்கள் குறைவு. மேல்தோலில் தூசு படிந்ததுபோல் தெரிவதற்குள் செவுள் நாசமாகியிருக்கும்.

வெள்ளைப்புள்ளி நோயை உண்டாக்கும் கிரிப்டோகேரியான் வேறு உயிரி, வேறு நடத்தை. அதன் புள்ளிகளைத் தனித்தனியாக எண்ண முடியும். ரவை தூவியதுபோல் தடித்து நிற்கும். வெல்வெட்டில் அந்த ரவையையே மாவாக அரைத்துச் சலித்துத் தூவினாற்போல் இருக்கும், எண்ண முடியாது. விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சை மீனின் தலைப்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்தால் தோலின் மேல் மங்கிய பொன்னிறப் பொடி மினுங்கும். நேராக அடித்தால் தெரியாது.

அண்ணா நகரில் ஒரு வீட்டுத் தொட்டி நினைவுக்கு வருகிறது. வீட்டுக்காரர் அழைத்தது பவுடர் ப்ளூ டாங்கின் கன்னத்தில் இருந்த சிராய்ப்புக்காக. தொட்டியில் ஒரு முரட்டு டாம்சல் மீன் இருந்தது. அதுதான் கடிக்கிறது என்று அவர் உறுதியாக நம்பினார், அதைப் பிடித்துத் தரச் சொன்னார். காயம் இருந்தது உண்மை. ஆனால் அந்த டாங், நீரோட்டம் தரும் பம்பான பவர்ஹெட்டின் வாய்க்கு நேரே, நீரோட்டத்துக்குள் முகத்தைக் கொடுத்து நின்றது. விளக்கு எரிந்த நேரத்தில் வெளிச்சத்துக்கு வரவே இல்லை. நான் நின்று பார்த்த நேரத்துக்குள் பக்கத்திலிருந்த மஞ்சள் டாங் பாறையில் உடம்பைச் சாய்த்து ஒரு உரசல் உரசிவிட்டுப் போனது. சிராய்ப்புக்குக் காரணம் டாம்சல் இல்லை. அரிப்புத் தாங்காமல் கன்னத்தைப் பாறையில் தேய்த்ததால் வந்த காயம் அது. டார்ச்சில் பொன்பொடி தெரிந்தது. மீன்களை எல்லாம் அன்று மாலையே தனித் தொட்டிக்கு மாற்றிக் காப்பரில் வைத்தோம். பவுடர் ப்ளூ பிழைக்கவில்லை, மற்றவை பிழைத்தன.

இந்த ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அடியும் நோயும் இரண்டு தனிப் பெட்டிகள் இல்லை. நோய் காயத்தை உண்டாக்கும், காயம் நோய்க்கு வாசலாகும். காயத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற திருப்தியில் விசாரணையை நிறுத்திவிடக் கூடாது. காயம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். கன்னம், செவுள் மூடி, மார்புத் துடுப்பின் அடி, விலா ஆகிய பாறையில் தேய்க்கத் தோதான இடங்களில் இருக்கும் சிராய்ப்பு எப்போதும் சந்தேகத்துக்குரியது.

உண்மையான அடிக்கு ஒரு கதை உண்டு, கேட்டால் சொல்லும். மன்னார் வளைகுடாவில் கீழக்கரை, மண்டபம் பக்கத்து மீனவர்கள் பார் மீன்களைக் கூடு வைத்துப் பிடிப்பார்கள். கூட்டில் சிக்கும் மீன் வெளியேறப் பார்த்து மூக்கை அதிலேயே தேய்த்துக்கொண்டிருக்கும். அப்படி வரும் ஓராவுக்கும் கிளிமீனுக்கும் மூக்கின் நுனி மட்டும் வெளுத்து, மேல்தோல் உரிந்திருக்கும். உடம்பில் வேறெங்கும் ஒன்றும் இருக்காது. அது கூட்டின் கையெழுத்து. அதைப் பார்த்து மருந்து போட வேண்டியதே இல்லை.

ஏஞ்சல் மீன்களுக்குச் செவுள் மூடியின் கீழே பின்னோக்கி நீளும் ஒரு முள் உண்டு. வலையில் அள்ளினால் அந்த முள் மாட்டிக்கொள்ளும். இழுத்து எடுத்தால் கன்னத்தில் கிழிசல், ஒரு பக்கம் மட்டும். டாங் வகைகளுக்கு வாலடியில் இருபுறமும் கத்தி. அதுவும் வலைக் கண்ணியில் சிக்கும். அதனால் என் அறையில் இந்த இரண்டையும் வலையால் பிடிப்பதே கிடையாது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவை நீருக்குள் சாய்த்து ஓட்டி எடுப்போம். இரண்டு டாங்குகள் சண்டையிட்டால் வால் கத்தி எதிராளியின் விலாவில் நேர்கோடாகக் கிழிக்கும், சில சமயம் இணையான இரண்டு மூன்று கோடுகள் விழும். டிரிக்கரோ பேத்தையோ கடித்தால் துடுப்பில் அரைவட்டமாகத் துண்டு போயிருக்கும். சுத்தம் செய்யும் மீன் போலவே வேடம் போட்டுக்கொண்டு வரும் ஒரு பிளென்னி இருக்கிறது. அது மற்ற மீன்களின் துடுப்பு நுனியைக் கடித்து ஓடும். இப்படி, காயத்தின் வடிவத்தைப் பார்த்தால் செய்தது யார் என்று தெரியும். நோய்க்கு இப்படித் திருத்தமான ஓரங்கள் கிடையாது.

துடுப்புகளில் இது இன்னும் தெளிவு. அடிபட்ட துடுப்பில் முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவே உள்ள சவ்வு கிழிந்திருக்கும். ஓரம் நிறம் மாறாமல், கண்ணாடி போல் இருக்கும். மறுநாளே கிழிசலின் அடியில் மெல்லிய புதுச் சவ்வு எழத் தொடங்கும். அழுகல் நோயில் ஓரம் வெளுத்தோ சிவந்தோ பிசிறு பிசிறாக இருக்கும். முள்ளும் சேர்ந்து கரையும். நாளுக்கு நாள் உடம்பை நோக்கி நகரும். துடுப்பின் அடியில் ரத்தம் கட்டியிருந்தால் பாக்டீரியா உள்ளே போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

மீனின் தோல் ஆறும் வேகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. நம் தோலைப்போல் பொருக்குத் தட்டிக் காத்திருப்பதில்லை. காயத்தின் ஓரத்துச் செல்கள் அப்படியே நகர்ந்து வந்து சில மணி நேரங்களில் வாயை மூட ஆரம்பித்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் சிறு சிராய்ப்பு ஒரு நாளில் மூடிக்கொள்ளும். அடியில் உள்ள சதை தேற நாளாகும், செதில் முளைக்க இன்னும் நாளாகும். ஆனால் மேலே கதவு சாத்தியாகிவிடும். அதனால்தான் மூச்சு சீராக உள்ள மீனுக்கு ஒரு நாள் பொறுப்பது வீண் தாமதம் ஆகாது, அதுவே பரிசோதனை. நேற்று பார்த்த அதே இடம் இன்று சுருங்கியிருந்தால் அடி. அகன்றிருந்தால், அல்லது வேறொரு இடத்தில் புதிதாக ஒன்று வந்திருந்தால், நோய்.

வெள்ளைப்புள்ளியில் மட்டும் ஒரு மயக்கம் உண்டு. புள்ளி 3 முதல் 7 நாளுக்குள் தானாகவே மீனை விட்டு உதிர்ந்துவிடும். “சரியாயிடுச்சு அண்ணா, மருந்தே வேண்டாம்” என்று சந்தோஷமாகப் போன் வரும். உதிர்ந்தது மணலிலும் பாறையிலும் ஓடு கட்டி, பெரும்பாலும் 3 முதல் 28 நாளுக்குள், சில சமயம் அதற்கு வெகுகாலம் கழித்தும், நூற்றுக்கணக்கில் வெடித்து வரும். அடுத்த முறை புள்ளிகள் வேறு இடங்களில், பல மடங்காக இருக்கும். கடியின் தழும்பு இடம் மாறாது. புள்ளி இடம் மாறினால் அது உயிருள்ள ஒன்று.

என்னை மிகவும் கவனமாக இருக்கச் செய்யும் மீன் குரோமிஸ். விலை குறைவு, கூட்டமாக வாங்குவார்கள், பச்சைநீலமாக அழகாக இருக்கும். கூட்டத்தில் ஒன்றை ஒன்று விரட்டும் குணம் உண்டு என்பதால், விலாவில் ஒரு சிவந்த இடம் தெரிந்தால் கடி என்ற விளக்கம் தயாராக இருக்கும். அந்த விளக்கம்தான் ஆபத்து. யூரோனீமா என்ற ஒட்டுண்ணியும் அதே இடத்தில் அதே சிவப்பைத் தரும். கிட்டப் போய்ப் பாருங்கள். கடியாக இருந்தால் செதில் பெயர்ந்து போயிருக்கும், குழி தெரியும், பெரும்பாலும் வால் துடுப்பும் கிழிந்திருக்கும், அடிபட்ட மீன் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும். யூரோனீமாவாக இருந்தால் செதில்கள் முதலில் அதனதன் இடத்திலேயே இருக்கும். சிவப்பு அவற்றுக்கு அடியிலிருந்து தெரியும், உள்ளே ரத்தம் கட்டியதுபோல. செதில் சற்றுத் தூக்கி நிற்கும். துடுப்புகள் முழுசாக இருக்கும். மீன் கூட்டத்தோடேயே நீந்தும், சாப்பிடவும் செய்யும், அதனால் யாரும் பயப்பட மாட்டார்கள். இரண்டொரு நாளில் சிவப்பு விரிந்து புண்ணாகித் திறக்கும். அதற்குள் சதைக்குள்ளும் உள்ளுறுப்புகளுக்குள்ளும் போயிருக்கும். இதற்குக் காப்பர் கேட்காது. வெள்ளைப்புள்ளிக்குச் செய்வதுபோல் மீன்களை எடுத்துவிட்டுத் தொட்டியை 76 நாள் சும்மா போட்டாலும் பயனில்லை. யூரோனீமா உயிர் வாழ மீனே தேவையில்லை, தண்ணீரில் உள்ள பாக்டீரியாவைத் தின்று இருந்துகொள்ளும். குரோமிஸில் செதிலுக்கு அடியில் சிவப்பைக் கண்டால் நான் ஒரு நாள் பொறுப்பதில்லை. உடனே அந்த மீனைப் பிரித்து ஃபார்மலின் குளியலுக்குக் கொண்டுபோவேன். மேலே சொன்ன மூச்சு விதிக்கு இது விலக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கோமாளி மீன்களுக்கு வரும் புரூக்ளினெல்லாவும் அவசர நோய்தான். தோல் சளியாக உரிந்து, படலம் படலமாகத் தொங்கும். ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். அதற்கும் ஃபார்மலின். இதை யாரும் அடி என்று நினைப்பதில்லை. அதனால் இங்கே விட்டுவிடுகிறேன்.

நோயும் இல்லாத, அடியும் இல்லாத பயங்களும் உண்டு. இரவில் விளக்கணைத்த பிறகு போய்ப் பார்த்தால் மஞ்சள் டாங் வெளிறி, விலாவில் வெள்ளைப் பட்டை விழுந்திருக்கும். ஓரா இனத்து மீன்கள் பயந்தாலோ தூங்கினாலோ அழுக்குத் திட்டுகளாக நிறம் மாறும். சில கிளிமீன்களும் ராஸ்களும் தூங்கும்போது தம்மைச் சுற்றிச் சளியால் கூடு கட்டிக்கொள்ளும். காலையில் அந்தப் படலம் தொங்குவதைப் பார்த்துத் தோல் உரிகிறது என்று பதறுவார்கள். துடுப்பில் காலிஃபிளவர் மாதிரி கொத்தாக முளைத்தால் அது லிம்ஃபோசிஸ்டிஸ் என்ற வைரஸ் நோய். பார்க்கக் கோரமாக இருந்தாலும் பெரும்பாலும் தானே உதிரும். நல்ல இரையும் அமைதியும்தான் மருந்து, கத்தரிப்பது கூடாது. டாங், ஏஞ்சல் மீன்களின் கண்ணைச் சுற்றியும் பக்கக்கோட்டிலும் குழி விழுந்து தோல் அரிக்கப்படுவதும் உண்டு. இரண்டு பக்கமும் ஒரேபோல இருப்பதால் கடி இல்லை. மற்ற மீனுக்குப் பரவாததால் ஒட்டுண்ணியும் இல்லை. வடிகட்டியில் போடும் கரியின் பொடி தண்ணீரில் கலப்பது இதற்கு ஒரு காரணம் என்று பொது மீன்காட்சியகங்களின் அனுபவம் காட்டியிருக்கிறது. கரியை நன்றாகக் கழுவிப் போடுங்கள், அல்லது கொஞ்ச நாள் எடுத்துவிடுங்கள்.

கண்ணுக்கு வருகிறேன். ஒரு கண் மட்டும் பிதுங்கியோ மங்கியோ இருந்தால் பெரும்பாலும் அடி. பாறையில் மோதியிருக்கும், வலையில் பட்டிருக்கும், பையில் உரசியிருக்கும். இரண்டு கண்ணும் ஒன்றாகப் பிதுங்கினால் உள்ளே பாக்டீரியாவோ தண்ணீர்க் கோளாறோ தேட வேண்டும். இரண்டு கண்ணும் ஒன்றாக மங்கினால் எனக்கு முதலில் தோன்றுவது ஒட்டுப்புழு. கண்ணின் மேலும் தோலின் மேலும் தட்டையாக ஒட்டிக்கொண்டு மேயும் புழு அது. மீனின் மேல் இருக்கும்போது கண்ணாடிபோல் இருப்பதால், எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது.

அதைக் கண்டுபிடிக்கும் வழி நன்னீர்க் குளியல். கொளத்தூரில் நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் மீனுக்கு எதுவானாலும் கல்லுப்பும் மெத்திலின் நீலமும் போடுவார்கள். கடல்மீனுக்கு உப்பு போட்டு ஆவது ஒன்றுமில்லை, இங்கே உப்பில்லாத தண்ணீர்தான் மருந்து. கறுப்புப் பிளாஸ்டிக் வாளி ஒன்றில் ஆர்.ஓ. தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும். தொட்டியின் வெப்பத்துக்கு அதைக் கொண்டுவர வேண்டும். சமையல் சோடாவை சிறுகச் சிறுகச் சேர்த்து பி.எச். அளவைத் தொட்டிக்குச் சமமாக்க வேண்டும். காற்றுக் குழாயை நன்றாக ஓடவிட்டு மீனை இறக்க வேண்டும். இறங்கியதும் மீன் சாய்ந்து படுக்கும். பயப்பட வேண்டாம், பலவும் அப்படித்தான் செய்யும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஒன்றும் தெரியாது. பிறகு நெற்றியிலும் கண்ணிலும் முதுகிலும், அதுவரை இல்லாத வெள்ளைத் தகடுகள் தெரிய ஆரம்பிக்கும். 2 முதல் 5 மில்லிமீட்டர் வரை, முட்டை வடிவம். நன்னீர் பட்டுப் புழு வெளுத்துவிடுகிறது. பிடிப்பு விட்டு ஒவ்வொன்றாக உதிர்ந்து வாளியின் கறுப்பு அடியில் கிடக்கும். 5 நிமிடத்துக்கு மேல் நான் வைப்பதில்லை. மீனை எடுத்துவிட்டு வாளியை உரியவரிடம் காட்டினால், “இத்தனையும் இது மேலயா இருந்தது?” என்பார்கள். ஒன்றும் உதிரவில்லையென்றால் அதுவும் பதில்தான். மங்கலுக்குக் காரணம் ஒட்டுப்புழு இல்லை என்ற பக்கம் கனம் கூடுகிறது. உதிர்ந்தாலும் அத்தோடு முடியாது. தொட்டியில் முட்டைகள் இருக்கும், பிராசிக்வான்டல் என்ற புழு மருந்து கொடுத்தாக வேண்டும், குஞ்சு பொரிக்க விட்டு இரண்டாம் முறையும் கொடுத்தாக வேண்டும்.

அடிதான் என்று உறுதியானால் செய்ய வேண்டியது கொஞ்சம், செய்யாமல் இருக்க வேண்டியது நிறைய. கடிக்கும் மீனைப் பிரியுங்கள்; முடியாவிட்டால் அடிபட்டதைத் துளையிட்ட அக்ரிலிக் பெட்டிக்குள் அதே தொட்டியிலேயே தொங்கவிடுங்கள். விளக்கைக் குறையுங்கள். இரையைச் சிறிதாக, பல வேளையாகக் கொடுங்கள். பெரிய காயமாக இருந்து தனித் தொட்டி இருந்தால் உப்பைச் சற்றே குறைக்கலாம். கடல்மீனின் உடம்பை விடச் சுற்றியுள்ள தண்ணீர் உப்பு மிகுந்தது. தோல் திறந்திருக்கும் இடத்தில் உடம்பின் நீர் வெளியே போய்க்கொண்டே இருக்கும். உப்பு ஆயிரத்தில் 35 பங்கிலிருந்து 30 பங்குக்கு இறங்கினால் மீனுக்கு அந்த இழப்பு குறையும். ஆறிய பிறகு மெதுவாக, சில நாள் எடுத்து, மேலே ஏற்றுங்கள்.

செய்யக் கூடாததில் முக்கியமானது, மெடிக்கல் ஷாப்பில் டெட்ராசைக்ளின் மாத்திரை வாங்கி உடைத்துத் தொட்டியில் கொட்டுவது. இதை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். கடல்நீரில் கால்சியமும் மக்னீசியமும் நிறைய இருக்கின்றன. அவை அந்த மருந்தைக் கட்டிப்போட்டுவிடும், மீனுக்குப் போய்ச் சேருவது சொற்பம். சேராமல் தண்ணீரில் நிற்பது அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியாவின் மேல் கை வைக்கலாம். காயத்தின் ஓரம் சிவந்து, மேலே பஞ்சு போலப் படர்ந்து, மீன் இரையைத் தொடாமல் போனால் பாக்டீரியா மருந்து வேண்டியதுதான். ஆனால் அது தனித் தொட்டியில், கடல்நீரில் வேலை செய்யும் மருந்தாக, முடிந்தால் இரையோடு கலந்து, மீன் மருத்துவம் படித்தவரிடம் கேட்டு.

புது மீனைத் தனித் தொட்டியில் ஒரு மாதமாவது வைக்கச் சொன்னால், சின்ன வீடு, இடமில்லை என்பார்கள். 60 லிட்டர் கண்ணாடித் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிய இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டுகள், இவ்வளவுதான் தேவை. சிறு மீன்களுக்கு இது போதும். பாறையும் மணலும் வேண்டாம். வெறும் தொட்டியில் மீனை எல்லாப் பக்கமும் பார்க்கலாம், உரச இடமில்லாததால் புதுச் சிராய்ப்பு வந்தாலும் காரணம் உடனே தெரியும். பல ஆயிரம் ரூபாய்க்கு மீனும் பவளமும் வாங்குபவர் இந்தச் செலவைத் தவிர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நோய் உள்ளே வந்த பிறகு பாறைகளுக்கு நடுவிலிருந்து எல்லா மீனையும் பிடித்து வெளியே எடுப்பது எவ்வளவு கொடுமை என்று ஒருமுறை செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த வலைத் துரத்தலிலேயே பாதி மீனுக்குப் புதுக் காயம் உண்டாகும்.

இதைப் படிப்பவர்களிடம் என் கோரிக்கை இதுதான். சந்தேகம் வந்தால் எனக்கோ, உங்களுக்கு மீன் தரும் கடைக்காரருக்கோ படம் அனுப்பாதீர்கள், வீடியோ அனுப்புங்கள். நீல விளக்கை அணைத்து வெள்ளை விளக்கைப் போடுங்கள். தொட்டிக்கு நேரே, கையை அசைக்காமல், மீனின் பக்கவாட்டில் ஒரு முழு நிமிடம் எடுங்கள். செவுள் தெரிய வேண்டும். மீனின் மறுபக்கத்தையும் எடுங்கள். தொட்டியில் கூட யார் யார் இருக்கிறார்கள், கடைசியாக எந்த மீன் எப்போது வந்தது என்று எழுதுங்கள். மூச்சு சீராக இருந்தால் மறுநாள் அதே நேரத்தில், அதே இடத்தை மறுபடி எடுத்து அனுப்புங்கள். அதுவரை மருந்து பாட்டிலின் மூடியைத் திறக்க வேண்டாம். மூச்சு வாங்கினால் மறுநாள் வரை இருக்க வேண்டாம், உடனே போன் செய்யுங்கள்.